அடாரும் கூண்டும்: பொறியிற்பட்ட விலங்கு பற்றி ஓர் இலக்கிய நோக்கு

கொடிய விலங்கைப் பொறிவைத்துப் பிடித்தல் தொழிலா, காவலா, விளையாட்டா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் வாழ்வுக்கேற்ப விடை கூறுவர். வட அமெரிக்காவில் நரியையும் கயோட்டி என்னும் சிறு ஓநாயையும் பொறியிற் பிடிப்பது, பல மாநிலங்களில் உரிமம் பெற்றுச் செய்யும் பொழுதுபோக்காக இன்றும் உள்ளது. தந்தை மகனுக்கு அதனைப் பழக்குவதும், குடும்பமாகச் சென்று பொறியைப் பார்த்து வருவதும் அங்கே புதுமையல்ல. ஐரோப்பிய நாடுகளோ, காலைக் கவ்வும் இரும்புப் பொறியைத் தடுக்க 1991-இல் பொது விதி வகுத்தன. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. கொல்லுதலை மட்டுமன்றிப் பொறிவைத்தலையும் கண்ணியிடுதலையும் அது ‘வேட்டை’ என்றே வரையறுத்து விலக்கியுள்ளது.

சட்டம் செய்கையைத் தடுக்கும். செய்கையின்மேல் எழும் ஆசையைத் தடுப்பதில்லை. அவ்வாசை நூல்களில் வாழ்கின்றது. மைசூரைச் சூழ்ந்த காடுகளைக் களமாகக் கொண்ட ஆங்கில வேட்டை நூல்களை நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கின்றனர். அதே பிள்ளைகளுக்குச் சங்கப் பாட்டைக் கற்பிக்கும் கடமையும் நமக்கு உண்டு. வாழவந்த ஊரின் காட்டையும், கொண்டுவந்த மொழியின் பாட்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மைசூர்த் தமிழர்க்கு எளிதாகவே வாய்த்துள்ளது. பொறி என்னும் ஒரு பொருளை இவ்விரு இலக்கியங்களும் எவ்வாறு ஆள்கின்றன என்பதை ஈண்டு நோக்குவோம்.

அடார் என்னும் கற்பொறி

சங்கத் தமிழர் அறிந்த பொறிகளுள் குறிப்பிடத்தக்கது அடார். கனத்த கற்பலகை ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, அதனைச் சிறியதொரு பொறியால் தாங்கச் செய்வர். உள்ளே நுழையும் விலங்கு அதனைத் தீண்டியதும் கல் வீழ்ந்துவிடும். இரும்பு வேண்டாம், வில்லாளியும் வேண்டாம். கல்லின் கனமும் வைத்தவனின் நுட்பமுமே போதும்.

இப்பொறி ஏன் வைக்கப்பட்டது என்பதை மலைபடுகடாம் தெளிவாகக் கூறுகின்றது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் புலவர், விளைபுனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குறவர் அது நுழையும் வழிதோறும் அடார் வைத்திருப்பர் என்று எச்சரிக்கின்றார். ஆதலின் நள்ளிருளில் அவ்வழி செல்லற்க, பொழுது விடிந்தபின் செல்லுக என்பது அவர் அறிவுரை. இவ்வொரு குறிப்பில் பொறியின் அறம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். பொறி வயலுக்காக வைக்கப்பட்டது. ஆனால் பொறிக்கு நண்பனும் பகையும் தெரியாது. ஆகவே அறிந்தவன் அறியாதவனுக்கு அதனைச் சொல்லியாக வேண்டும். பிடிபடும் விலங்கின் பெருமையையோ பிடிப்பவனின் வீரத்தையோ புலவர் ஈண்டுப் பேசவில்லை. வழிப்போக்கனின் உயிரே அவர் கவலை.

நற்றிணையின் 119-ஆம் பாட்டு இதனினும் நுட்பமானது. பெருங்குன்றூர்கிழார் பாடிய அப்பாட்டில், தினையுண்ணும் பன்றிக்காகப் புனவன் வைத்த அடாரில் வலிய புலி வந்து வீழ்கின்றது. அத்தகைய நாட்டுக்கு உரிய தலைவன் மாலை சூடி வருவான். ஆயினும் அவன் முயக்கம் பெறப்போவதில்லை என்கின்றாள் தோழி. வைத்தது ஒன்றற்கு, பட்டது மற்றொன்று. புனவன் புலியை நாடவில்லை. புலியும் தினையை நாடவில்லை. எளிய களவு எனக் கருதி வந்த தலைவன், தான் எண்ணியதினும் பெரிய ஒன்றில் அகப்பட்டுக்கொண்டான் என்பது இதன் உள்ளுறையாகக் கொள்ளத்தக்கது. புலி வீழ்ந்தது என்னும் செய்தியை வைத்துக்கொண்டு ஆரவாரிக்காமல், ஒரு பெண்ணின் மனநிலையை உணர்த்த அதனைப் பயன்கொண்ட புலவரின் அடக்கம் போற்றற்குரியது.

புறநானூற்றின் 19-ஆம் பாட்டில் அடார் போர்க்களத்திற்கு வருகின்றது. தலையாலங்கானத்து வென்ற நெடுஞ்செழியனைப் பாடும் குடபுலவியனார், புலியைப் பிடிக்க வேட்டுவன் வைத்த பெருங்கல் அடாருக்கு மன்னனின் மார்பை ஒப்பிட்டு, அம்மார்பை விரும்பித் தழுவியதாகக் கூறுகின்றார். நற்றிணையிலும் முயக்கம், புறநானூற்றிலும் முயக்கம்! அடார் வீழ்வதும் ஒருவகைத் தழுவலே என்பதை இரு புலவரும் கண்டிருக்கின்றனர் போலும். உயிரைப் பறிக்கும் தழுவல் அது. அதே பாட்டில், மறக்குடிப் பெண்டிர் அழக் கண்டு கூற்றுவனே நாணி இரங்கிய களம் அது என்றும் புலவர் கூறிவிடுகின்றார். வெற்றியைப் பாட வந்தவர், வெற்றியின் அடியில் நசுங்கியவரையும் நம் கண்முன் நிறுத்துகின்றார். பொறியைப் பாடும் பாட்டு, பொறிக்குள் இருப்பதையும் காணவேண்டும் என்னும் இலக்கணத்தை இங்கே நாம் பெறுகின்றோம்.

அகப்பட்டதன் பக்கம்

இவ்விலக்கணத்தின் உச்சம் பட்டினப்பாலையில் உள்ளது. பகைவர் சிறையில் வளர்ந்த கரிகாலனுக்குக் கூட்டில் வளர்ந்த புலிக்குருளையை உவமை கூறுகின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவன் சிறையிலிருந்து மீண்டதற்கு, பிடிப்பார் தோண்டிய குழியின் கரையைக் குத்தித் தூர்த்துத் தன் பிடியிடம் சென்று சேர்ந்த களிற்றை உவமை கூறுகின்றார். குறுங்கோழியூர்கிழாரும் புறநானூற்றின் 17-ஆம் பாட்டில், பாண்டியனின் பிடியிலிருந்து தப்பிய சேரனைக் குழியில் வீழ்ந்து, அக்குழியைச் சிதைத்து, தன் இனம் மகிழ வந்து கூடிய களிறாகவே காண்கின்றார். கூண்டும் குழியும் அமைத்தவர் மனிதர். ஆயினும் புலவரின் நெஞ்சம் கூண்டுக்கும் குழிக்கும் உள்ளேயிருக்கும் உயிரோடு நிற்கின்றது. அவ்வுயிர் வெளியேறும்போது அவரும் வெளியேறுகின்றார்.

குடும்பம் என்னும் சொல்லுக்கும் இவ்விலக்கியத்தில் இடமுண்டு. குறுந்தொகையின் 161-ஆம் பாட்டில், மழை ஓயாத அச்சந்தரும் இரவில், புலிப்பல் தாலி அணிந்த மகனைத் தழுவிக்கொண்டு கிடக்கின்றாள் தாய். புலியின் பல் குழந்தையின் மார்பில் தொங்குகின்றது. பெருமைக்காக அன்று, காவலுக்காக. அத்தாய்க்குப் புலி மெய்யான அச்சம். இன்றோ புலிப்பல்லும் புலிநகமும் வைத்திருத்தலே குற்றம். 2023 அக்டோபரில் கர்நாடகத்தில் புலிநகப் பதக்கம் அணிந்து தொலைக்காட்சியில் தோன்றிய போட்டியாளர் ஒருவர் கைதானபோது, காவல் பொருள் அணிகலப் பொருளாகிவிட்ட மாற்றத்தை நாடே கண்டது.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். சங்கத் தமிழர் வேட்டையைக் கொண்டாடவில்லையா? கொண்டாடினர், மறைப்பதற்கில்லை. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது என வன்பரணர் பாடிய 152-ஆம் புறப்பாட்டில் களிப்பே மிகுந்துள்ளது. வீழ்ந்த விலங்குகள்பால் இரக்கம் இல்லை. நம் முன்னோர் அனைவரும் அருளாளர் என்று கூறிப் பெருமை கொள்வது திறனாய்வு ஆகாது. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. களிப்பு வில்லைப் பற்றிய பாட்டில் உள்ளது; பொறியைப் பற்றி மேலே நாம் கண்ட பாட்டுகளில் இல்லை. வில்லாளி விலங்கை நேர்நின்று காண்கின்றான். பொறி வைத்தவனோ வீட்டில் உறங்குகின்றான். அவன் உறங்கும்போது ஓர் உயிர் அங்கே போராடுகின்றது. அந்தத் தொலைவே புலவர்களை ஆழ்ந்து எண்ணச் செய்திருக்க வேண்டும்.

மைசூர்க் காட்டின் ஆங்கில நூல்கள்

இனி மைசூர்க் காட்டுக்கு வருவோம். மைசூர் அரசின் பாசனப் பணியில் இருந்த ஜி. பி. சாண்டர்சன், 1878-இல் இந்தியக் காட்டு விலங்குகளிடையே தாம் கழித்த பதின்மூன்று ஆண்டுகளை நூலாக்கினார். மைசூர் நாட்டு ஊர்மக்கள் வலையால் வளைத்துப் புலியை மடக்கும் முறையும் அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. நுணுக்கமான பார்வையும் நேர்மையான நடையும் உடைய நூல் அது. ஆயினும் ஒரே காட்சியில் இருவேறு உலகங்கள் நிற்பதை நாம் உணரலாம். வலை பிடித்து நிற்கும் ஊரானுக்குப் புலி, தன் மாட்டைக் கொன்ற பகை. அருகில் நிற்கும் துரைக்கு அது விளையாட்டின் ஒரு பகுதி. மாடு இழந்தவன் குரல் நூலில் அரிதாகவே கேட்கின்றது.

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தமிழர்க்கு இன்னும் நெருக்கமானவர். ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பற்றிய அவருடைய முதல் நூல் 1954-இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து வந்த நூல்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக் காடுகளும் மைசூர்ச் சீமைக் காடுகளும் மாறிமாறி வருகின்றன. அவர் மகன் டொனால்டும் வேட்டையாடினார். அம்மகனின் நினைவுகள் 2018-இல் நூலாயின. ஆக, வேட்டை அங்கே தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற குடும்ப வழக்கு.

ஆண்டர்சனை வெறும் வேட்டைக்காரர் என்று தள்ளுவது நேர்மையாகாது. மக்களைக் கொன்ற விலங்கை ஒழிக்க அவரை அழைத்த ஊர்கள் பல. அவருடைய சிறந்த பக்கங்களில், ஒரு புலி ஏன் ஆட்கொல்லி ஆயிற்று என்னும் ஆராய்ச்சி இருக்கின்றது. பழைய குண்டுக்காயமோ முள்ளம்பன்றியின் முள்ளோ விலங்கை இயற்கையான இரையிலிருந்து விலக்கிவிட்டதை அவர் காட்டும்போது, குற்றம் விலங்கினுடையது மட்டுமன்று என்பதை நாம் உணர்கின்றோம். காட்டில் வாழும் பழங்குடி நண்பர்களிடம் அவர் கற்றதை மறைக்காமல் கூறுகின்றார். அவருடைய நூல்களின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது. துப்பாக்கியின் வெற்றியில் இல்லை.

வேட்டை என்னும் குடும்ப வழக்கின் மற்றொரு முகம் மைசூர் நகரிலேயே இருந்தது. வான் இன்கன் குடும்பத்தார், தந்தை தொடங்கி மக்கள் தொடர, வேட்டையாடப்பட்ட புலி சிறுத்தைகளின் தோலைப் பாடம் செய்து உயிருள்ளவை போல ஆக்கித்தரும் தொழிற்கூடத்தை ஏறத்தாழ 1900 முதல் 1999 வரை நடத்தினர். உலகப்புகழ் பெற்ற கைத்திறன் அது. ஆயினும் சுவரில் தொங்கும் புலிமுகத்தின் சீற்றம், அதனைச் செய்தவரின் கற்பனை. உயிர் நீங்கும்போது அவ்விலங்கு காட்டிய முகம் அதுவன்று. வேட்டை நூல்கள் பலவற்றின் குறையும் இதுவே. கண்ணாடிக் கண்ணைப் பொருத்தி, சீற்றத்தை மட்டும் நிலைநிறுத்திவிடுகின்றன.

ஒரு கரடிக்குட்டியின் கதை

ஆண்டர்சன் எழுதியவற்றுள் நம் பிள்ளைகள் மிகுதியாகப் படித்தது ஒரு கரடிக்குட்டியின் கதை. மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அது நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. கரடி தேனையும் கரையானையும் நாடுவது. புலியைப்போல் இரை தேடித் திரிவதன்று. எனினும் நம் ஆய்வுக்கு இக்கதை இன்றியமையாதது.

கதை மைசூரை அடுத்த கரும்புத் தோட்டத்தில் தொடங்குகின்றது. காட்டுப்பன்றிகளைச் சுட்டு விரட்டிக்கொண்டிருக்கும் வேளையில், தாய்க்கரடி ஒன்று வெயிலில் வெளிப்படுகின்றது. உடன்வந்தவருள் ஒருவர் காரணமின்றி அதனைச் சுட்டுவிடுகின்றார். அதன் முதுகில் இருந்த குட்டியை ஆசிரியர் பிடித்துச் சாக்கிலிட்டு வந்து மனைவிக்குப் பரிசளிக்கின்றார். பின்னர் முழுவதும் அன்பின் கதை. குட்டி வீட்டில் வளர்கின்றது. எலிக்கு வைத்த நஞ்சை உண்டு பிழைக்கின்றது. குடும்பத்தார் அனைவர்க்கும் செல்லமாகின்றது. வளர்ந்தபின் சங்கிலியால் பிணிக்கப்படுகின்றது. இறுதியில் மைசூர் விலங்குக்காட்சிச் சாலைக்கு அனுப்பப்படுகின்றது. அங்கே அது ஏங்குகின்றது. இங்கே அம்மையாரும் ஏங்குகின்றார். மூன்று திங்களுக்குப்பின் அவர் சென்று, இசைவு பெற்று, அதனை மீட்டு வருகின்றார். வீட்டு வளவில் ஆறடி அகலமும் ஏழடி ஆழமும் உள்ள பள்ளம் சூழ ஒரு தீவு அமைத்து அதில் கரடியை விடுகின்றனர்.

இதனை நற்றிணைப் பாட்டோடு வைத்து நோக்குக. அங்கும் பன்றிக்காகத் தொடங்கியது. இங்கும் பன்றிக்காகத் தொடங்கியது. அங்குத் தினை, இங்குக் கரும்பு. அங்குப் புலி வீழ்ந்தது. இங்குத் தாய்க்கரடி வீழ்ந்தது. கருதாத உயிர் அகப்படுவது இரண்டிலும் ஒன்றே. ஆனால் அடார் கண்ணில்லாதது. துப்பாக்கி ஏந்தியவர்க்குக் கண் இருந்தது. ஆசிரியர் இதனை அறிவார். அச்செயலைத் தாம் விரும்பவில்லை என்று கூறியும் விடுகின்றார். ஆனால் கதை அத்துயரில் ஒரு கணமே நிற்கின்றது. தாயின் மரணம் சில வரிகளில் முடிந்து, குட்டியின் குறும்பு பல பக்கங்களில் விரிகின்றது. படிக்கும் சிறுவர்க்குக் குட்டி வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியே நினைவில் நிற்கும். அது யாருமற்று நின்றதன் காரணம் மறந்துபோகும்.

பட்டினப்பாலையின் குழியையும் இக்கதையின் பள்ளத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் விளங்கும். அங்குக் களிறு குழியைத் தூர்த்துத் தன் இனத்தை அடைகின்றது. இங்குப் பள்ளம் அன்பினால் தோண்டப்படுகின்றது. உள்ளிருப்பதும் வெளியேற விரும்பவில்லை. ஏனெனில் திரும்பிச் செல்ல அதற்குக் கிளை இல்லை. அம்மையாரின் அன்பை நாம் ஐயுறவில்லை. கரடியின் அன்பும் மெய்யே. ஆயினும் மெய்யன்பும் ஒரு கூண்டாக முடியக்கூடும் என்பதை இக்கதை தன்னையறியாமல் காட்டிவிடுகின்றது. அதனாலேயே அது சிறந்த கதை. அதனாலேயே ஆசிரியர் துணையின்றிப் பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகாத கதையும் ஆகும்.

இன்றைய கூண்டு

இவை பழங்கதைகள், இன்று நமக்கென்ன என்று எவரேனும் வினவலாம். மைசூரில் வாழ்பவர் அவ்வாறு வினவ இயலாது. தி. நரசிபுர வட்டத்தில் 2022 அக்டோபர் இறுதி முதல் 2023 சனவரி வரை நால்வர் சிறுத்தைக்கு இரையாயினர். அவருள் சிறுவனும் ஒருவன். அரசு 2023-இல் மைசூர்ப் பகுதிக்கெனத் தனிச் சிறுத்தைப் படை அமைத்தது. 2024 டிசம்பர் 31 அன்று மைசூரிலுள்ள இன்போசிஸ் வளாகத்திற்குள்ளேயே சிறுத்தை காணப்பட்டது. கரும்புக் காடு அதற்கு மறைவிடம். ஊர்நாயும் ஆடும் அதற்கு இரை. நம் குடியிருப்புகள் அதன் வழியை நெருங்கிக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே பொறி இன்றும் வேண்டப்படுகின்றது. கன்னடத்தார் ‘போனு’ என வழங்கும் இரும்புக் கூண்டு அது. ஒரு தடுப்பறையில் ஆடோ நாயோ கட்டப்பட்டிருக்கும். சிறுத்தை நுழைந்து அடித்தகட்டை மிதித்ததும் கதவு வீழும். அடாரின் வழித்தோன்றலே இது. ஆனால் உயிர் வாங்காமல் உயிரைப் பிடிப்பது. இதனை வைக்கும் உரிமை வனத்துறைக்கே உண்டு. காட்டில் விடத்தகாதவை கூர்கள்ளியிலுள்ள சாமுண்டி மறுவாழ்வு மையத்தில் வைத்துக் காக்கப்படுகின்றன.

இங்கும் பொறியின் பழைய பண்பு மாறவில்லை: வைத்தது ஒன்றற்கு, படுவது மற்றொன்றாகலாம். ஆளைக் கொன்ற சிறுத்தைக்கு வைத்த கூண்டில் குற்றமற்ற சிறுத்தை வந்து அகப்படலாம். மராட்டியத்தின் ஜுன்னர்ப் பகுதியில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுபோய் வேற்றிடங்களில் விட்டபின், மக்கள்மேல் நிகழ்ந்த தாக்குதல் குறைவதற்கு மாறாகப் பெருகியதை வித்யா ஆத்ரேயாவும் அவர்தம் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இடம்பெயர்க்கப்பட்ட உயிர் அறியாத நிலத்தில் தடுமாறும் என்பதை, இடம்பெயர்ந்து வாழும் நம்மினும் எளிதில் உணரக்கூடியவர் யார்?

கூண்டில் சிறுத்தை அகப்பட்டது என்று கேட்டவுடன் குழந்தைகுட்டிகளோடு காணச் செல்வதும், கைபேசியிற் படம் எடுப்பதும், கம்பியைத் தட்டி உறுமச் செய்வதும் இன்று எளிய பொழுதுபோக்காகிவிட்டன. பொறி வைக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் பொறியை வேடிக்கையாக்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அஞ்சி மோதும் விலங்கு தன் பல்லையும் நகத்தையும் கம்பியில் உடைத்துக்கொள்கின்றது. மகனை இழந்த தாய் ஒருத்தி அதே ஊரில் அழுதுகொண்டிருக்கக்கூடும். அவ்வழுகைக்கும் அவ்வச்சத்திற்கும் இடையே நின்று சிரிப்பது, மலைபடுகடாத்துப் புலவர் நமக்குக் காட்டிய வழியன்று.

வேட்டை நூல்களை விலக்குமாறு நாம் கூறவில்லை. 1952-இல் இந்திய வனவிலங்கு வாரியத்தின் முதற் கூட்டம் இதே மைசூரில், வேட்டை மரபில் வந்த மைசூர் மன்னரின் தலைமையில் கூடியது. வேட்டையை அறிந்தவர்களே காவலுக்கு முன்வந்த வரலாறு அது. ஆதலின் ஆண்டர்சனையும் பிள்ளைகள் படிக்கட்டும், நற்றிணையையும் படிக்கட்டும். படித்தபின் அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: இப்பொறி எந்த வயலைக் காக்க வைக்கப்பட்டது? காக்க ஒரு வயலும் இல்லையெனில், அது வெறும் களிப்புக்காக வைத்த பொறி. களிப்புக்காக வைத்த பொறியைப் பாடச் சங்கப் புலவர் ஒரு சொல்லையும் செலவிட்டதாக நாம் கண்ட இப்பாட்டுகளில் இல்லை. அவர்தம் நெஞ்சம் புனத்தைக் காத்த குறவனோடும் நின்றது; குழியை உடைத்து வெளியேறிய களிற்றோடும் நின்றது. இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும் நெஞ்சையே நாம் நம் மக்கட்கு அளிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.